காகிதமும் சர்க்கரைதான்

சர்க்கரை பார்க்கிற வேலை என்று அவள் சொன்னால் கேட்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். ஒரு கட்சி, வெறும் வயிற்றில் எனக்கு இவ்வளவு காட்டுகிறதே, பயப்பட வேண்டுமா என்று கேட்கும். இன்னொரு கட்சி, எந்த ஆலையில் என்று கேட்கும். அவளுடைய அண்ணன் எந்தக் கட்சியிலும் சேராதவன். தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும், "என் தங்கச்சி கிருமியோட சட்டையில பொத்தான் எண்ணுற வேலைக்குப் போறா" என்று சொல்லிவைப்பான்.

கேலிதான் என்றாலும் விஷயம் ஏறக்குறைய அதுதான். பயப்படாதீர்கள், பாடம் நடத்தப் போவதில்லை. இது தெரியாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது என்பதற்காகக் கொஞ்சம் சொல்கிறேன். அந்தக் கொரோனாக் கிருமியின் மேல் முள் முள்ளாக இருப்பதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு முள்ளின் மேலும் சர்க்கரை கிளை கிளையாகப் படர்ந்திருக்கிறது. கிருமியிடம் சர்க்கரை ஏது? நம்மிடம்தான் எடுக்கிறது. நம் உடம்பின் செல்லுக்குள் புகுந்து, அந்தச் செல் தன் பொருள்களுக்குப் பூசுகிற அதே சர்க்கரையைத் தன் முள்ளுக்கும் பூசிக்கொண்டு வெளியே வருகிறது. உடம்பின் காவல் அதைப் பார்த்து, உடுத்தியிருப்பது நம் வீட்டுத் துணியாயிற்றே, நம் ஆள்தான் போலிருக்கிறது என்று விட்டுவிடுகிறது. சர்க்கரை மூடாத சந்து பொந்துகளில்தான் நம் ரத்தத்தில் இருக்கிற எதிர்ப்பான்கள் போய்ப் பிடித்தாக வேண்டும். கிருமியோ அந்தச் சந்து பொந்துகளைத்தான் மாற்றி மாற்றிக்கொண்டு வருகிறது. கிருமியால் மாற்ற முடியாத இடங்கள் சில, சர்க்கரைக்கு அடியில் பத்திரமாக இருக்கின்றன.

தடுப்பூசி செய்கிறவர்களுக்கு இங்கேதான் ஓர் ஆசை. சர்க்கரையை நறுக்கிவிட்டு முள்ளைக் காட்டினால், அடியில் இருக்கும் அந்த மாறாத இடத்தை உடம்பு முன்கூட்டியே பழகிக்கொள்ளாதா? முழுக்க உரித்தால் முள் நிற்காமல் குலைந்துவிடும். ஒவ்வொரு கிளையிலும் அடிக்கட்டையை மட்டும் விட்டு நறுக்க வேண்டும். நறுக்குவதற்கு ஒரு நொதி இருக்கிறது. நறுக்கி முடித்ததா, பாதியில் தூங்கிவிட்டதா என்று எடைபோட்டுச் சொல்வது அவள் வேலை. கண்ணுக்குத் தெரியாததை எடைபோடும் கருவி அது. சர்க்கரையின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஓர் எடை. திரையில் அது கோடு கோடாக எழும்.

அவளுடைய மேசைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. காகிதம் கூடாது, பஞ்சு கூடாது, பருத்திக் கைக்குட்டை கூடாது. ஏனென்றால் காகிதமும் சர்க்கரைதான். மரமும் பருத்தியும் சர்க்கரையைக் கோத்துக் கோத்துக் கட்டிய உடம்புகள். காகிதத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசு குழாய்க்குள் விழுந்தால் போதும், அந்தச் சர்க்கரை கருவியில் ஏறி, ஒரே அளவு இடைவெளியில் கோட்டுக்கு அடுத்த கோடாக, படிக்கட்டு வரைந்ததுபோல் நிற்கும். அதன் கீழே உண்மையான அளவு எது என்று யாராலும் பார்க்க முடியாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவள் முதலில் சொல்லித்தருவது இதைத்தான். பேப்பர் துண்டோடு யாராவது அந்தப் பக்கம் நடந்தாலே முறைப்பாள். பக்கத்து மேசையில், சின்னச் சின்னக் குழிகள் உள்ள தட்டில் ரத்தத்தை விட்டுப் பார்க்கிற தட்டுச் சோதனை செய்கிறவர் அவளுக்குப் "பேப்பர் போலீஸ்" என்று பெயர் வைத்து, அதுவே ஆய்வகம் முழுவதும் நின்றுவிட்டது.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். பெரிய கட்டடங்களின் மின்தூக்கிகளைப் பழுது பார்க்கிறவன். நோய் முதன்முதலாகப் பரவிய நாட்களில் ஊரெல்லாம் வீட்டுக்குள் இருக்க, ஆஸ்பத்திரி லிஃப்ட் நிற்கக் கூடாது என்று அவனைக் கூப்பிட்டார்கள். படுக்கையோடு நோயாளியை ஏற்றிய லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது என்றால் அவன் போகாமல் யார் போவது? போனான். காய்ச்சலோடு வந்தான். படுத்து, மோசமாகி, தேறி எழுந்தான்.

தேறியவர்களின் ரத்தம் வேண்டும் என்று ஆய்வகத்தில் கேட்டபோது, தங்கை சொல்வதற்கு முன்பே அவன் வந்து நின்றான். நாலைந்து தடவை கொடுத்தான். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வர வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நர்ஸ் சொல்லி அனுப்புவார். சாப்பிட்டாயா என்று கேட்டால், பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்வான்.

அந்த ரத்தத்தில் ஓர் அதிசயம் இருந்தது. கிருமி உருமாறி உருமாறி வந்துகொண்டிருந்த காலம் அது. மற்றவர்களின் சீரம், அதாவது ரத்தம் உறைந்தபின் மேலே தெளிகிற நீர், பழைய கிருமியைப் பிடிக்கும், புதிதாக மாறியதைக் கண்டால் திணறும். அண்ணனுடைய சீரம் அவன் ரத்தம் கொடுத்ததற்கு வெகு நாளைக்குப் பின்னால் வந்த மாறுவேடத்தையும் அடையாளம் கண்டது. எதைப் பார்த்து? சர்க்கரைக்கு அடியில் இருக்கிற அந்த மாறாத இடத்தையா? நறுக்கிய முள்ளை வைத்துச் சோதித்தால் தெரிந்துவிடும். ஆனால் முள்ளைக் குலையாமல் நறுக்குகிற கலை அப்போது அவர்களுக்குக் கைவரவில்லை. அதனால் என்ன, வந்ததும் பார்த்துக்கொள்ளலாம், கேட்டால் ஓடிவந்து கையை நீட்டுகிற மனிதன்தானே என்று இருந்தார்கள். இருந்த சீரத்தை வேறு வேறு சோதனைகளுக்குத் தாராளமாகச் செலவழித்தார்கள். எண் மட்டும் ஒட்டிய குப்பிகள் அவை, தங்கை ஒன்றையும் கையில் எடுத்துப் பார்த்ததில்லை.

அண்ணனுக்கு நுரையீரல் பழையபடி ஆகவே இல்லை. ஒரு மாடி ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் நின்றான். லிஃப்ட் பழுதாகி இருக்கிறது என்று கூப்பிட்டால், அந்தப் பழுதைப் பார்க்கப் படியேறித்தானே போக வேண்டும்? உச்சி மாடியில் மோட்டார் அறை. கைப்பிடியில் சாய்ந்து நின்று, மேலிருந்து எட்டிப் பார்க்கிறவர்களிடம், "மாடி ஏறத் தெரியாதவனாச்சேன்னுதான் இந்தத் தொழிலுக்கே வந்தேன்" என்று சிரிப்பான். அடுத்த அலையில் மறுபடி காய்ச்சல் வந்தது. இந்த முறை தேறவில்லை. மூடிக் கட்டிய உறையோடு கொண்டுபோனார்கள். முகத்தைப் பார்க்க விடவில்லை. அண்ணி தெரு முனை வரை ஓடிப்போய் நின்றுகொண்டிருந்தாள்.

அண்ணி கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். லென்ஸை ஓரம் தேய்த்துச் சட்டத்தில் பொருத்தி, எறும்புத் தலை அளவுத் திருகாணியைக் கை நடுங்காமல் முடுக்குகிறவள். துக்க வீட்டில் என்ன சொல்லித் தேற்றுவது என்று தெரியாமல், அண்ணனின் சீரம் கடைசிக் குப்பி ஒன்று இன்னும் ஃப்ரீசரில் இருக்கிறது என்று தங்கைதான் அவளிடம் சொன்னாள். சொன்னது ஆறுதலுக்காக. அண்ணி அதைப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு தங்கை வீட்டுக்கு வரும்போதெல்லாம், செருப்பைக் கழற்றுவதற்குள் ஒரு கேள்வி வரும்.

"இருக்கா?"

"இருக்கு அண்ணி."

அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

நாள் போயிற்று. நறுக்குகிற கலை கைவந்தது. ஒரு தொகுதியில் நொதி செத்துப்போய்ச் சர்க்கரை அப்படியே இருந்தது, அதைக் கொட்டினார்கள். அடுத்தடுத்த தொகுதிகள் சரியாக வந்தன. தடுப்பூசி வடிவமைக்கிற குழு நறுக்கிய முள்ளையா நறுக்காததையா எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்யக் காத்திருந்தது. ஆய்வகத் தலைவி அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கண்டிப்பானவர், ஆனால் ஈரமுள்ளவர். அண்ணனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ரத்தம், யாரையும் கேட்க வேண்டியதில்லை, இருந்தாலும் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வா, அவர்களுக்கு மனசில்லை என்றால் தொட மாட்டோம் என்றார். மற்ற சீரங்களை வைத்துச் செய்யலாம், ஆனால் எல்லா மாறுவேடத்தையும் கண்ட சீரம் இது ஒன்றுதான் என்பதையும் சொன்னார்.

தங்கை கண்ணாடிக் கடைக்கே போனாள். மதிய நேரம், கடையில் ஆளில்லை. சுவர் முழுக்க வெறும் சட்டங்கள். அண்ணி ஒரு லென்ஸைத் துணியால் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"அவ்வளவு நல்ல ரத்தம்னா அவர் ஏன் போனார்?"

இந்தக் கேள்வி ஒருநாள் வரும் என்று தங்கைக்குத் தெரியும்.

"உடம்பு மறந்துடும் அண்ணி. கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சுபோயிடும். மறுபடி காய்ச்சல் வந்தப்ப அவன் உடம்புல அது அவ்வளவா இல்ல. குப்பியில இருக்கிறது அப்ப எடுத்தது. அது மறக்கல."

அண்ணி லென்ஸைக் கீழே வைத்தாள்.

"மறக்காதது அது ஒண்ணுதான்னு நீயே சொல்ற. அதையும் எடுத்துத் தீத்துடலாமான்னும் நீயே கேக்கற."

படம் இருக்கிறது, சட்டை இருக்கிறது, கருவிப் பெட்டி இருக்கிறது, அதெல்லாம் அவருடையது, அவர் இல்லை; இது அவர் என்று அண்ணி சொன்னாள். வேண்டாம் என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தங்கை ஒரு வார்த்தை வற்புறுத்தாமல் எழுந்து வந்து, மறுநாள் தலைவியிடம் வேண்டாமாம் என்று சொல்லிவிட்டாள். தலைவியும் சரி என்றார்.

பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். அண்ணியே ஆய்வகத்து வாசலுக்கு வந்தாள், வேலை முடிந்த உடுப்போடு. உள்ளே வரவில்லை. சாலையோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லு. அந்த ஊசி வந்துச்சுன்னா, அதுல அவர் இருப்பாரா?"

பொய் சொல்லியிருக்கலாம். தங்கை சொல்லவில்லை.

"இருக்க மாட்டான் அண்ணி. எந்த இடத்தைப் பாக்கணும்னு காமிச்சவனா இருப்பான். அவ்வளவுதான்."

அண்ணி போகிற வருகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடையில் ஒரு சிறு பெண்ணுக்குக் கண்ணாடி மாட்டிவிட்டாளாம். அந்தக் குழந்தை தடுப்பூசிக்குப் பயந்து அழுததை அதன் தாய் சொல்லிச் சிரித்தாளாம். அதன் பிறகு தனக்கு வேலை ஓடவில்லை என்றாள். பிறகு சொன்னாள்:

"சரி, பண்ணுங்க. ஆனா நீதான் பண்ணணும். வேற யார் கையும் அதுல படக் கூடாது."

"நானே பண்றேன் அண்ணி."

தலைவிக்கு இது பிடிக்கவில்லை. சொந்தக்காரரின் சீரத்தைச் சொந்தக்காரர் கையாள்வது முறையில்லை என்பது ஒன்று. இன்னொன்றை மெதுவாகச் சொன்னார்: உன்னால் முடியும் என்பது தெரியும், அன்றைக்கு முடியுமா என்பது உனக்கே தெரியாது. பக்கத்து மேசைத் தட்டுக்காரர் கூட இருந்து பார்க்கட்டும், குப்பியின் எண்ணை மறைத்துத் தட்டைப் படிப்பவர் வேறு ஒருவராக இருக்கட்டும் என்று ஏற்பாடு செய்து, கடைசியில் அவள் முகத்தைப் பார்த்துச் சம்மதித்தார். வாக்குக் கொடுத்துவிட்டேன் மேடம் என்பதற்கு மேல் அவள் வேறு எதுவும் சொல்லவில்லை.

அன்று காலை வேலை ஒழுங்காகத்தான் தொடங்கியது. நறுக்கிய முள் அதிக நேரம் தாங்காது. பொழுது சாய்வதற்குள் திரிந்த பால்போலத் திப்பி திப்பியாகிவிடும். அதனால் அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கே நறுக்குவார்கள். இருக்கிற சீரம் கொஞ்சம் என்பதால் முள்ளும் கொஞ்சமாகத்தான் நறுக்கினாள். பெரும்பகுதி தட்டின் குழிகளுக்கு. மிச்சம் ஒரு சிறு குழாயில், எடை பார்க்கும் கருவிக்கு. மூடி திறந்து மேசையில் இருந்தது. தட்டு சொல்வது, அண்ணனின் எதிர்ப்பான்கள் முள்ளைப் பிடித்தனவா என்று. கருவி சொல்வது, அந்த முள்ளில் சர்க்கரை நிஜமாகவே போயிருந்ததா என்று. இரண்டும் சேர்ந்தால்தான் சாட்சி. கருவியின் சொல் இல்லாவிட்டால் தட்டு வெறும் நிறம்.

பிறகு ஃப்ரீசரைத் திறந்து குப்பியை எடுத்துவந்தாள். பனிக்கட்டியில் வைத்து உருகவிட்டாள். உருகியதும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

சீரம் என்பது தெளிவாக, வைக்கோல் நிறத்தில் இருக்கும். இது கலங்கியிருந்தது. பாலைக் கலந்ததுபோல் வெளுத்து, கொழகொழவென்று. முதலில் கெட்டுப்போய்விட்டதோ என்று நினைத்தாள். அடுத்த நொடி விளங்கிவிட்டது. வயிறு நிறைய, நெய்யும் கொழுப்புமாகச் சாப்பிட்டுவிட்டு வந்து ரத்தம் கொடுத்தால் சீரம் இப்படித்தான் வரும். அது கெடுதல் இல்லை, இந்தச் சோதனைக்குத் தடையும் இல்லை. அது வெறும் சாட்சி. பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை என்று நெஞ்சில் கைவைத்தவன், மூக்குமுட்டத் தின்றுவிட்டு வந்திருக்கிறான். இத்தனை நாள் கழித்து, குளிரில் உறைந்து கிடந்த இடத்திலிருந்து எழுந்து வந்து கையும் களவுமாக மாட்டிக்கொண்டு நிற்கிறான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாய்விட்டே சிரித்துவிட்டாள். "திருடன், தின்னுட்டு வந்திருக்கான் பாருங்க" என்று தட்டுக்காரரிடம் குப்பியைக் காட்டினாள். அவரும் சிரித்தார். அவர் சிரிப்பு முடிந்த பிறகும் அவளுடையது முடியவில்லை. சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று பக்கத்தில் இருந்த அவருக்கே தெரியவில்லை. பாதுகாப்புக் கண்ணாடிக்குள் கண்ணீர் நிறைந்து, மேசையே அவளுக்குத் தெரியாமல் போனது.

தட்டுக்காரர் நல்ல மனிதர். ஒரு பெண் அழுதால் நல்ல மனிதர் எவரும் செய்வதைத்தான் செய்தார். தன் மேசையிலிருந்த டிஷ்யூப் பெட்டியிலிருந்து இரண்டைச் சரக்கென்று உருவி நீட்டினார். அவள் வாங்கினாள். பேப்பர் போலீஸ் வாங்கினாள். கண்ணாடியைக் கழற்றி, கண்ணை அழுத்தித் துடைத்து, மூக்கைத் துடைத்து, ஈரமான காகிதத்தைக் கசக்கி மேசையில் வைத்தாள், திறந்திருந்த குழாய்க்குப் பக்கத்தில். புதுக் கையுறை மாற்றிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். முடித்துவிட்டுத்தான் காகிதத்தை எடுத்துக் குப்பையில் போட்டாள். இரண்டு பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

மதியத்துக்குள் தட்டு தயாரானது. குழிகள் முதலில் நீலமாகி, கடைசிச் சொட்டு விட்டதும் மஞ்சளாக மாறும். எவ்வளவு அழுத்தமான மஞ்சளோ அவ்வளவு இறுக்கமான பிடி. சர்க்கரையோடு இருந்த முள்ளின் வரிசை இளமஞ்சள். நறுக்கிய முள்ளின் வரிசை அடர்ந்த பொன்மஞ்சள். எண் தெரியாமல் படித்தவரே இரண்டு தடவை படித்துப் பார்த்தார். தலைவி தன் அறையிலிருந்து எழுந்து வந்து அந்தத் தட்டின் முன்னால் கைகட்டி நின்றார். சர்க்கரைக்கு அடியில் இருப்பதைத்தான் அண்ணன் பார்த்திருக்கிறான். கருவி ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும்.

கருவியின் திரையில் படிக்கட்டு எழுந்தது.

ஒரே இடைவெளி, ஒரே இடைவெளி, ஒரே இடைவெளி. அவள் எத்தனை பேருக்குப் படம் போட்டுக் காட்டிப் பயமுறுத்திய படிக்கட்டு. திரை முழுக்க அதுதான். தட்டுக்காரர் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்தார். பார்த்தவர் திரும்பித் தன் மேசையிலிருந்த டிஷ்யூப் பெட்டியைப் பார்த்தார். போய் உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, படிகளை மட்டும் கணக்கில் கழித்துவிட்டுக் கீழே பார்க்கலாமே என்று தணிந்த குரலில் சொன்னார். கழித்துப் பார்த்தாள். கீழே படிக்கும்படி ஒன்றும் இல்லை. குழாயில் மிச்சமிருந்ததோ அதற்குள் திரியத் தொடங்கியிருந்தது. முள்ளை நாளைக்கு மறுபடி நறுக்கலாம். சீரத்துக்கு எங்கே போவது? குப்பியில் ஒரு சொட்டு இல்லை.

அவளே போய்த் தலைவியிடம் சொன்னாள், தட்டுக்காரர் டிஷ்யூ கொடுத்ததைச் சொல்லாமல், தான் துடைத்ததை மட்டும். தலைவி படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"சர்க்கரை போயிருக்கும்னுதான் எனக்கும் தோணுது. தோணுறதை எழுத முடியாதேம்மா."

முன்பு ஒரு தொகுதி நொதி செத்து வீணாகப் போனதை எல்லாரும் அறிவார்கள். இதுவும் அப்படி இல்லை என்று யார் சத்தியம் செய்வது? மற்றவர்களின் சீரத்தை வைத்துத் தொடருவோம், வழி கொஞ்சம் நீளம், அவ்வளவுதான் என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

அன்று சாயங்காலம் படிக்கட்டுப் படத்தை அச்செடுத்துப் பையில் வைத்துக்கொண்டு அண்ணியின் வீட்டுக்குப் போனாள். ஏன் எடுத்துப்போனாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. வெறுங்கையோடு போக முடியவில்லை, அதுதான் காரணமாக இருக்கும்.

செருப்பைக் கழற்றினாள். அண்ணி "இருக்கா?" என்று கேட்கவில்லை. இன்றைக்கு அந்தக் கேள்வி கிடையாது என்று இருவருக்கும் தெரியும். சமையலறை மேசையில் உட்கார்ந்தார்கள். தங்கை ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னாள். தட்டு மஞ்சளானது, எல்லாரும் வந்து பார்த்தது, பிறகு இது. தாளை மேசையில் வைத்தாள்.

அண்ணி தாளைத் தூக்கி, லென்ஸைப் பார்ப்பதுபோல் ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தாள்.

"படிக்கட்டு மாதிரி இருக்கு."

"ஆமா."

"எவ்வளவு படி. அவரால ஏறியிருக்கவே முடியாது." தாளை இன்னும் கொஞ்சம் சாய்த்து, "இதுல அவர் எங்க?" என்றாள்.

"இதுல அவன் இல்ல அண்ணி. இது நான் கண்ணைத் துடைச்ச காகிதம். அவன் அந்தத் தட்டுல இருந்தான். தட்டை... கழுவிட்டோம்."

அண்ணி தாளைக் கீழே வைத்தாள். குழாயைத் திறந்து கையை நனைத்து மறுபடி மூடினாள். ஜன்னலைப் பார்த்தபடி நின்றுகொண்டு, "வேற யாராவது செஞ்சிருக்கலாம்" என்றாள்.

"செஞ்சிருக்கலாம்."

"நான்தான் உன்னையே செய்யச் சொன்னேன்."

"நானும் ஒத்துக்கிட்டேன் இல்ல."

தெருவில் யாரோ வண்டியை நிறுத்தி, கிளப்பி, மறுபடி நிறுத்தினார்கள். அது ஓய்ந்ததும் அண்ணி கேட்டாள்:

"கண்டுபிடிச்சாரா இல்லையா? உன் மனசுக்கு என்ன தோணுது, அதைச் சொல்லு."

"கண்டுபிடிச்சான் அண்ணி. எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா சொன்னா யாரும் ஏத்துக்க மாட்டாங்க."

அண்ணி தலையாட்டினாள். ஏற்றுக்கொண்டதற்கா, போனது போயிற்று என்பதற்கா என்று தெரியவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தாள். அப்புறம்தான் அதைக் கேட்டாள்: இத்தனை வருஷம் அந்த மேசையில் இருக்கிறாயே, ஒரு நாளும் இப்படி ஆனதில்லையே, அவர் போனபோதுகூட வேலையில் கண்ணைக் கசக்காதவள் ஆயிற்றே, இன்றைக்கு என்ன வந்தது?

தங்கை சொன்னாள். குப்பி கலங்கியிருந்ததை. பாலாட்டம் வெளுத்திருந்ததை. வெறும் வயிறு என்று சொன்ன அண்ணன் வயிறு முட்டத் தின்றுவிட்டு வந்து மாட்டிக்கொண்டதை. சொல்லும்போதே அந்தச் சிரிப்பு அவளுக்கு மறுபடி வரப் பார்த்தது.

அண்ணி சிரிக்கவில்லை. முகம் வெளிறிப்போயிற்று.

"நான்தான்."

"என்ன அண்ணி?"

"நான்தான் சாப்பிட வெச்சேன். வேணாம், கேட்டா திட்டுவாங்கன்னாரு. ரத்தம் குடுக்கப் போற மனுஷன் பசியோட போறதான்னு நான் விடல. வெண்ணெய்ல முட்டையைப் பொரிச்சு, பாலை நல்லாக் காய்ச்சி, முன்னால உக்காந்து சாப்பிட வெச்சுத்தான் அனுப்புவேன். ஒவ்வொரு தடவையும்." மூச்சு விட்டுக்கொண்டாள். "என்னைக் காட்டிக்குடுக்கக் கூடாதுன்னுதான் பொய் சொல்லியிருக்காரு."

இத்தனை காலம் அந்தக் குளிரில் இருந்தது அண்ணன் மட்டும் இல்லை. இந்த அடுப்பும், இந்த மேசையும், எதிரில் உட்கார்ந்து சாப்பிடு சாப்பிடு என்று வற்புறுத்திய ஒரு காலைப் பொழுதும் அதில் கலங்கிக் கிடந்திருக்கிறது. அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். அதைப் பார்த்திருக்க வேண்டியவளோ இங்கே இருந்தாள்.

"எப்படி இருந்துச்சு?" அண்ணி கேட்டாள். "எவ்வளவு வெளுப்பு? இருந்தது இருந்தபடி சொல்லு."

தங்கை சுற்றுமுற்றும் பார்த்தாள். ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்து, அதில் கொஞ்சமாகப் பால் விட்டாள். போதாது என்று இன்னும் ஒரு சொட்டு. கரண்டியால் கலக்கி ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். இதைவிடக் கொஞ்சம் மஞ்சள் அண்ணி, மற்றபடி இவ்வளவுதான் என்றாள். அண்ணி அந்த டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, எறும்புத் தலைத் திருகாணி முடுக்குகிற கண்ணால், அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் ஆடியது.

"பசியோட போகல" என்றாள். "அந்த மட்டும் தேவல."

அப்போதுதான் தங்கை உடைந்தாள். காலையில் அழுதது ஒன்றுமே இல்லை. மேசையில் கவிழ்ந்து, வாயைப் புறங்கையால் பொத்திக்கொண்டு, அண்ணா அண்ணா என்று அழுதாள். அழுதுகொண்டே பழக்கத்தில் கை எதையோ தேடியது, துடைத்துக்கொள்ள. மேசையோரம் காகிதச் சுருள் இருந்தது. கை அதன் அருகில் போய் நின்றுவிட்டது. தொடவில்லை.

அண்ணி டம்ளரை வைத்துவிட்டு எழுந்தாள். கடைக்கு எடுத்துப்போகிற பையைத் திறந்து, கண்ணாடி துடைக்கிற மெல்லிய துணி ஒன்றை எடுத்தாள். மடிப்பை உதறி அவள் கையில் வைத்து, விரல்களை மூடினாள்.

"இந்தா. இது காகிதம் இல்ல, பஞ்சும் இல்ல. நைலானோ என்னமோ, நூலே விடாது."

தங்கை துடைத்துக்கொண்டாள். அண்ணியும் அதன் மறுமுனையால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கடையில கட்டுக் கட்டா இருக்கு" என்றாள் அண்ணி. "காலையில வந்து வாங்கிட்டுப் போ. உன் மேசையில வை."